ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து செல்வது ஆயுளைக் கூட்டுமா? கடலூர், புதுவை நிலவரத்தை வைத்து ஒரு விவாதம்

கெடிலக்கரை மருத்துவர் (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் பத்தொன்பது ஆண்டுகளாகக் குடும்ப மருத்துவம் பார்த்து வருகிறேன். அண்மையில் மீண்டும் எடுத்துப் படித்த இரண்டு ஆய்வுகளை முன்வைத்து, அவை நம் பகுதிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று உங்களிடம் கேட்க விரும்புகிறேன்.

முதலாவது, 2018-இல் 'பிஎம்ஜே ஓப்பன்' இதழில் பெரைரா கிரே குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வு. ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பதற்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த 22 ஆய்வுகளை அவர்கள் திரட்டினார்கள். அவற்றுள் 18 ஆய்வுகளில், தொடர்ச்சி கூடுதலாக இருந்த இடத்தில் இறப்பு குறைவாக இருந்தது. இரண்டாவது, 2022-இல் நார்வேயிலிருந்து வந்தது. அந்நாட்டில் 2001 முதல் ஒவ்வொரு குடிமகனும் ஒரு பொது மருத்துவரின் பட்டியலில் பதிவு செய்துகொள்ள முடிகிறது. அதனால் யார் எந்த மருத்துவரிடம் எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்பது பதிவேட்டிலேயே கிடைக்கிறது. ஏறத்தாழ 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்ததில், தம் மருத்துவரிடம் வந்து ஓராண்டே ஆனவர்களைக் காட்டிலும், 15 ஆண்டுகளுக்கு மேல் அதே மருத்துவரிடம் இருந்தவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு குறைவாக இருந்தது. மருத்துவமனையில் திடீரென்று சேர நேர்வது 28 விழுக்காடும், இரவிலும் விடுமுறையிலும் அவசர மருத்துவரைத் தேடுவது 30 விழுக்காடும் குறைவாக இருந்தன.

இந்த எண்களைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவர் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த ஒரு மீனவர். இரத்தக் கொதிப்புக்கு இரண்டு மாத்திரைகள் எழுதிக் கொடுத்தும் அவருக்கு அழுத்தம் இறங்கவே இல்லை. மூன்றாவது மாத்திரையையும் நான் சேர்த்தேன். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, பேரனுக்குக் காய்ச்சல் என்று வந்த நாளில்தான் பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: விடியற்காலை மூன்று மணிக்குப் படகில் ஏறுகிறவர், சிறுநீர் அதிகம் போகும் மாத்திரையை எப்படி விழுங்கிவிட்டுப் போவார்? கடலுக்குப் போகும் நாளெல்லாம் அதை விட்டுவிட்டிருக்கிறார். அந்த மாத்திரையை, கரை திரும்பிச் சாப்பிடும் வேளைக்கு மாற்றிய பிறகு மூன்றாவது மாத்திரை தேவைப்படவில்லை. ஓராண்டுக் காலம் என் கேள்வி 'ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா' என்பதாக மட்டுமே இருந்தது. அவர் தலையாட்டினார், நான் நம்பினேன். தவறு என்னுடையது. ஆனால் அந்தத் தவறு வெளிப்படுவதற்கு அவர் மறுபடியும் மறுபடியும் என்னிடமே வந்தாக வேண்டியிருந்தது.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர்கள் இடமாறுதலில் போகிறார்கள், மேற்படிப்புக்குப் போகிறார்கள். தனியார் பக்கம் வந்தாலும், ஒரே நோயாளி மாதத்துக்கு மூன்று இடங்களில் காட்டுகிறார். நார்வே காட்டும் பலனுக்கு இங்கே வழி உண்டா?

பயிற்சி மருத்துவர் (புதுச்சேரி):

ஐயா, ஓர் ஐயம். அந்தப் பலன் எதனால் வருகிறது என்பதை ஆய்வுகள் சொல்கின்றனவா? மருத்துவருக்கு நோயாளியைப் பற்றிக் கூடுதலாகத் தெரிவதாலா, நோயாளிக்கு மருத்துவர் மீது நம்பிக்கை கூடுவதாலா, அல்லது ஒரே நோட்டில் எல்லாம் எழுதப்பட்டிருப்பதாலா? நோட்டுதான் காரணம் என்றால் கணினிப் பதிவேடு போதும். மருத்துவர் மாறினாலும் கவலையில்லை அல்லவா?

புதுவை ஆய்வாளர் (சமூக மருத்துவம்):

நல்ல கேள்வி. அதற்கு முன், டாக்டர் அவர்கள் தந்த எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இரண்டுமே உற்றுநோக்கல் ஆய்வுகளைச் சார்ந்தவை. யாரையும் குலுக்கல் முறையில் 'நீ இந்த மருத்துவரிடமே இரு, நீ மாறிக்கொண்டே இரு' என்று பிரித்து விட்டவை அல்ல. ஒரே ஊரில், ஒரே வீட்டில், ஒரே வேலையில் நிலைத்திருப்பவர்கள் பொதுவாகவே ஆரோக்கியமானவர்களாக இருக்கக்கூடும். வாழ்க்கை குலைந்தவர்கள் ஊர் மாறுகிறார்கள், ஊர் மாறும்போது மருத்துவரும் மாறுகிறார். நோய் முற்றியவர்கள் பல நிபுணர்களைத் தேடி அலைவதால், நோயே தொடர்ச்சியைக் குலைப்பதும் உண்டு. நார்வே ஆய்வாளர்கள் வயது, பாலினம், நோய்ச்சுமை போன்றவற்றுக்கு ஈடுசெய்துதான் கணக்கிட்டார்கள்; இருந்தாலும் பதிவேட்டில் இல்லாத ஒன்றுக்கு எந்தக் கணக்கும் ஈடுசெய்ய முடியாது. ஆண்டுகள் கூடக் கூடப் பலனும் படிப்படியாகக் கூடியது என்பது ஆய்வின் வலிமை. அதை மறுக்கவில்லை.

இப்போது பயிற்சி மருத்துவரின் கேள்விக்கு வருகிறேன். தொடர்ச்சி என்பதை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம்: தகவலின் தொடர்ச்சி, சிகிச்சைத் திட்டத்தின் தொடர்ச்சி, உறவின் தொடர்ச்சி. கணினிப் பதிவேடு முதலாவதைத் தரும், இரண்டாவதற்குத் துணை செய்யும். படகில் ஏறும் நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவதற்கு ஒரு கட்டம் இல்லை என்பதே மூன்றாவது ஏன் தேவை என்பதற்கு விடை. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் பார்பரா ஸ்டார்ஃபீல்டு அடிப்படை மருத்துவத்தின் இயல்புகளாக நான்கைச் சொன்னார்: முதல் தொடர்புக்கு எளிதில் கிடைப்பது, காலமெல்லாம் நீளும் உறவு, எந்தக் குறைக்கும் இடம் தருவது, மேலிடத்துக்கு அனுப்பிய பிறகும் ஒருங்கிணைப்பது. நான்கில் ஒன்றை மட்டும் பிடுங்கி நட்டால் அது வேர் பிடிப்பதில்லை.

குறிஞ்சிப்பாடி விவசாயி:

மருத்துவம் படித்தவன் அல்லன் நான். ஊராட்சிப் பணிகளில் சில ஆண்டுகள் இருந்தவன். உங்கள் விவாதத்தை மதிக்கிறேன், ஆனால் எங்கள் தேவை வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. கரும்பு வெட்டுகிறவரும் முந்திரி பொறுக்குகிறவரும் காலை ஏழு மணிக்கு வயலில் இருக்கிறார்கள். சுகாதார நிலையத்தில் புறநோயாளி வரிசை காலையில்தான் நடக்கிறது. அங்கே போனால் அன்றைய கூலி போயிற்று. அதே மருத்துவரா, வேறு மருத்துவரா என்பது உள்ளே போனவருக்கு வரும் கேள்வி. உள்ளே போக முடியாதவருக்கு என்ன பதில்?

இன்னொன்று. எங்கள் பக்கத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து, புதுவையில் உள்ள பெரிய மருத்துவமனையான ஜிப்மருக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களில் பலருக்கு வெறும் சர்க்கரை, கொதிப்பு, முழங்கால் வலிதான். அருகில் நம்பிக்கையான ஒருவர் இருந்தால் இந்த அலைச்சல் எதற்கு?

கெடிலக்கரை மருத்துவர்:

ஐயா, நீங்கள் சொன்னதை 1971-லேயே ஒரு கிராமத்து மருத்துவர் எழுதிவிட்டார். வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கக் கிராமமான கிளின்கோரகில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று 'லான்செட்' இதழில் எழுதினார். 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்று அதைத் தமிழில் சொல்லலாம். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. தம் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும், வந்தவர் வராதவர் என்று பாராமல், இரத்த அழுத்தம் அளந்து இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். 1991-இல் அந்தக் கணக்கை வெளியிட்டபோது, பக்கத்தில் இருந்த அதே போன்ற கிராமத்தைவிட அங்கே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. வராதவரையும் தம் நோயாளியாக அவர் எண்ணினார் என்பதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன்.

முதல் பேருந்தைப் பற்றியும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1961-இல் கெர் வைட் குழுவினர், வயது வந்த ஆயிரம் பேரை ஒரு மாதம் பார்த்தால் 750 பேருக்கு ஏதாவது உடல்நலக் குறை வருகிறது, 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள், 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள், ஒருவர்தான் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார் என்று மதிப்பிட்டார்கள். அமெரிக்க, பிரிட்டன் தரவுகள் அவை. 2001-இல் அமெரிக்காவில் மீண்டும் கணக்கிட்டபோதும் படம் பெரிதாக மாறவில்லை. நாமோ அந்த ஒருவருக்கான வாசலில் 250 பேரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பாகூர் செவிலியர் (பணி ஓய்வு):

டாக்டர் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். துணை சுகாதார நிலையங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் எல்லோரும் மருத்துவரையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் பகுதியில் மருத்துவர்கள் வந்தார்கள், போனார்கள். மாறாமல் இருந்தவர்கள் நாங்கள்.

நான் தடுப்பூசி போட்ட குழந்தை, பிறகு என்னிடமே கர்ப்பிணியாக வந்து பதிவு செய்துகொண்டாள். அவளுடைய மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதை வீட்டு வாசலில் அவர் காலில் இருந்த ஆறாத புண்ணைப் பார்த்துத்தான் சந்தேகித்தேன். எந்த வீட்டில் கணவர் குடித்துவிட்டு வருவார், எந்த வீட்டில் மாத்திரையைப் பாதியாக உடைத்து இருவர் பங்கிட்டுக்கொள்வார்கள், எந்தப் பாட்டி 'சாப்பிட்டேன்' என்று சொல்லிவிட்டு மாத்திரைகளை அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பதிவேட்டில் நான் எழுதியது எண்ணிக்கை மட்டும்தான்: எத்தனை தடுப்பூசி, எத்தனை கர்ப்பிணி, எத்தனை வீடு. ஓய்வு பெற்ற நாளில் பதிவேடுகளைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த மற்றவற்றை யாரும் கேட்கவில்லை. எனக்குப் பின் வந்த பெண் நல்லவள், உழைப்பாளி. ஆனால் அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் எத்தனை பேர் நழுவிப் போனார்களோ, நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

உறவின் தொடர்ச்சி என்று சொன்னீர்களே, அதை மருத்துவரோடு மட்டும்தான் அளப்பீர்களா?

புதுவை ஆய்வாளர்:

அம்மா, நீங்கள் கேட்டது எங்கள் துறையே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. தொடர்ச்சியை அளக்கும் சூத்திரங்கள் பெரும்பாலும் மருத்துவரை மையமாக வைத்து எழுந்தவை. மிக எளியது இது: ஒருவர் கடைசியாகச் சென்ற பத்து முறைகளில் அதிகமாகப் பார்த்த ஒரே மருத்துவரை ஆறு முறை பார்த்திருந்தால் அவருக்கு 0.6. வீட்டுக்கு வந்து பார்த்த செவிலியர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஆனால் களப்பணியாளரை மையமாக வைத்து நடந்த குலுக்கல் முறை ஆய்வுகள் இருக்கின்றன. என் தயக்கங்களுக்கு ஓரளவு விடையும் அங்கேதான் இருக்கிறது. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறப் பகுதிகளில் நடந்து 2020-இல் வெளியான 'கோப்ரா' ஆய்வில், களப்பணியாளர்கள் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் வீடுகளுக்குச் சென்று அழுத்தம் அளந்தார்கள், உணவு, உப்பு, நடை பற்றிப் பேசினார்கள், தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். மருத்துவர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. ஈராண்டு முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்ற பகுதிகளைவிட மேல் அழுத்தம் சராசரியாக 5.2 புள்ளிகள் கூடுதலாக இறங்கியிருந்தது. சீனாவில் 326 கிராமங்களில் ஏறத்தாழ 34,000 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், கிராம மருத்துவர்களே எளிய நெறிமுறைப்படி மருந்தைத் தொடங்கிக் கூட்டினார்கள். மேலே உள்ள மருத்துவர்கள் மேற்பார்த்தார்கள். பதினெட்டு மாதங்களில் 57 விழுக்காட்டினருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. மற்ற கிராமங்களில் அது 19.9 விழுக்காடு. இவ்வளவு பெரிய வேறுபாட்டை இத்தகைய ஆய்வுகளில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆந்திரத்தின் கிராமப்புறத்தில் ஆஷா பணியாளர்கள் கையில் கணினிப் பலகையைக் கொடுத்து, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கண்டறிந்து மருத்துவரிடம் அனுப்பும் முறையை 2019-இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. அழுத்தக் கட்டுப்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. அனுப்புவது மட்டும் போதாது. அனுப்பிய இடத்தில் மருத்துவரும் மருந்தும் இருந்து, திரும்பி வந்தவரை யாராவது மறுபடி பார்த்து, மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்தால்தான் எண் அசையும் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் மகள்:

என் தந்தைக்கு வயது எழுபத்தொன்று. சர்க்கரைக்கு ஒருவர், கொதிப்புக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர், காய்ச்சல் சளிக்குத் தெருமுனையில் ஒருவர் என்று நான்கு இடங்களில் காட்டிக்கொண்டிருந்தோம். எல்லோருமே திறமையானவர்கள். கொதிப்புக்குத் தந்ததில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து சேர்ந்திருந்தது. முழங்கால் வலிக்கு ஒருவர் வலி மாத்திரை தந்தார். தெருமுனையில் வேறு பெயரில் அதே வகை மாத்திரை மறுபடி கிடைத்தது. கோடையில் மூன்று வாரம் கழித்துக் கால் வீங்கியது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறியிருந்தது. நான்கு சீட்டுகளையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்த்த முதல் மருத்துவர், நாங்கள் கடைசியாகப் போன ஒரு குடும்ப மருத்துவர். வலி மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார். சில வாரங்களில் சிறுநீரகம் ஏறத்தாழப் பழைய நிலைக்கு வந்தது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான்கு பேரில் யார் என் தந்தையின் மருத்துவர் என்று கேட்டால், அப்போது எங்களுக்கே பதில் தெரியாது.

கெடிலக்கரை மருத்துவர்:

அம்மா, உங்கள் தந்தைக்கு நேர்ந்தது மருத்துவ இதழ்களில் எண்ணோடு பதிவாகியிருக்கிறது. இரத்தக் கொதிப்பு மருந்து உண்பவர்கள் ஏறத்தாழ 4.87 லட்சம் பேரைத் தொடர்ந்த, 2013-இல் வெளியான ஆய்வில், குறிப்பிட்ட வகைக் கொதிப்பு மருந்து, சிறுநீர்ப் பெருக்கி, வலி மாத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்தபோது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 விழுக்காடு கூடியது. முதல் முப்பது நாட்களில் 82 விழுக்காடு கூடியது. உங்கள் மூன்று வாரம் அந்த முப்பது நாட்களுக்குள் அடங்குகிறது. வீட்டில் கொதிப்பு மாத்திரை உண்பவர் இருந்தால், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள். கொதிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் எல்லாச் சீட்டுகளையும் காட்டுங்கள்.

புதுவை ஆய்வாளர்:

பல நோய்கள் ஒருவரிடமே சேர்ந்திருப்பது குறித்து ஒரு சிறு குறிப்பு. ஸ்காட்லாந்தில் 17.5 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்த 2012 ஆய்வு, வறுமைப் பகுதிகளில் அந்த நிலை 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது என்றது. அத்தகையவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுமையாக, இயன்றவரை தமக்கென்று உள்ள மருத்துவரே பார்ப்பது என்ற ஏற்பாட்டை, பிரிட்டனில் 1,546 பேரிடம் குலுக்கல் முறையில் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். நோயாளிகள் தங்களைக் கவனித்த விதம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். வாழ்க்கைத் தரத்தின் அளவீடு மாறவில்லை. தொடர்ச்சி எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று யாரும் வாக்குறுதி தர வேண்டாம்.

பயிற்சி மருத்துவர்:

எங்கள் தலைமுறையில் இதைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்களின் கவலையையும் சொல்கிறேன். குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. என்ற மேற்படிப்பு இருக்கிறது, கோழிக்கோட்டில் எம்.டி. தொடங்கியபோது நாட்டிலேயே அதுதான் முதல் என்றார்கள், வேலூர் சி.எம்.சி. பணியிலிருக்கும் மருத்துவர்களுக்குத் தொலைநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. ஆனால் ஐந்தரை ஆண்டுப் படிப்பில் எங்களுக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர்கூடக் குடும்ப மருத்துவர் இல்லை. இதய நிபுணரைப் பார்த்து இதய நிபுணராக ஆசைப்படலாம். யாரைப் பார்த்து நாங்கள் இதற்கு ஆசைப்படுவது? இப்போது படிக்கும் இளையவர்களுக்குக் குடும்பத் தத்தெடுப்பு என்று ஒன்று பாடத்திட்டத்தில் வந்திருக்கிறது. ஒரே சில வீடுகளுக்கு ஆண்டுதோறும் போய் வருகிறார்கள். அதைக் கையெழுத்து வாங்கும் சடங்காக்கிவிடாமல் நடத்தினால், உறவின் தொடர்ச்சியைப் படிக்கும்போதே பழகலாம்.

குறிஞ்சிப்பாடி விவசாயி:

'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழ்நாடு அரசின் திட்டம் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் ஊரில் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. கொண்டு வருகிற பெண் எங்கள் ஊர் மகளிர் குழுவைச் சேர்ந்தவர். அவரைக் கணக்கில் எடுப்பீர்களா?

புதுவை ஆய்வாளர்:

எடுத்தே ஆக வேண்டும். 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த மாநில அளவிலான கணக்கெடுப்பில், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் இரண்டுமே ஏறத்தாழ 17 விழுக்காட்டுக்கு உயர்ந்தன. இந்த உயர்வு முழுவதும் திட்டத்தின் பலன்தானா என்பதை ஒப்பீட்டுக் குழு இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் கணக்கெடுப்பு நடந்தது கொரோனா ஆண்டில் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் உயர்வு உயர்வுதான். இன்னும் ஆறில் ஐந்து பேருக்கு நோய் கட்டுக்குள் இல்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது.

என் யோசனை இது. பெரிய நிதி தேவையில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு நிலையம், அந்தப் பக்கம் ஒரு நிலையம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளிகளின் சம்மதமும் பெற்று, கொதிப்பு, சர்க்கரை நோட்டு வைத்திருப்பவர்களின் கடைசிப் பத்துச் சந்திப்புகளை எடுப்போம். எத்தனை முறை ஒரே மருத்துவர், எத்தனை முறை ஒரே செவிலியர் அல்லது ஒரே தன்னார்வலர் என்று இரண்டு கணக்குகளைத் தனித்தனியே போடுவோம். பிறகு அழுத்தம் எதனோடு ஒட்டிச் செல்கிறது என்று பார்ப்போம். செவிலியர் அம்மா கேட்ட கேள்விக்கு நம் ஊர்த் தரவிலேயே முதல் விடை கிடைக்கும்.

கெடிலக்கரை மருத்துவர்:

என் மருத்துவமனை நோட்டுகளையும், நோயாளிகள் இசைந்தால், தருகிறேன். படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'நீங்கள் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறீர்கள், மாத்திரையை எப்போது உண்கிறீர்கள்?' குறிஞ்சிப்பாடி ஐயா சொன்னதும் அதில் அடங்கிவிடும்.

பாகூர் செவிலியர்:

படிவத்தை எளிய தமிழில் எழுதி எனக்கு முதலில் அனுப்புங்கள். எந்தக் கேள்விக்கு வாசலில் நின்று பதில் சொல்ல மாட்டார்கள், எதை உள்ளே திண்ணையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன். எனக்குப் பின் வந்த பெண்ணிடமும் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமாகத் தெருத் தெருவாகப் போய், எனக்கு நினைவிருக்கும் வீடுகளை அவளுக்குச் சொல்லப் போகிறேன்.